ஒரு காது பாக்கி

அன்றைக்குத் தீர்த்தமலை அடிவாரத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, நான்கு வயது நிரம்பப் போகிற எங்கள் மகள், மனைவியின் தம்பி, மாமனார், மாமியார், என் சித்தப்பா, சித்தி, என் அக்கா, காது குத்த வந்த ஆசாரி. மொத்தம் பத்துப் பேர். குரங்குகளைச் சேர்க்கவில்லை. யார் எங்கே நின்றார்கள் என்பது இப்போதும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றிலிருந்து அதையே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஒரு வழக்கம். வண்டியைப் பூட்டிவிட்டு வந்த பிறகு, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி மண்டியில் இறக்குவது வேலை. மண்டியில் கெட்ட வார்த்தை என்று தனியாக ஒன்று கிடையாது. பெட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டால்தான் பெட்டி நகரும். அதெல்லாம் என் வாயில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று, மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குப் பயம். அதனால் நான் 'தக்காளி' என்று மாற்றிக்கொண்டேன். தாயை இழுத்துத் திட்டுகிற வார்த்தை ஒன்று இருக்கிறதே, அதே எழுத்தில் தொடங்குவதால் பையன்கள் அதற்குப் பதிலாகத் தக்காளி என்பார்கள். நாள் முழுக்கத் தக்காளி ஏற்றுகிறவன் சொன்னால் யாருக்கும் சந்தேகமும் வராது.

நான் இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் மச்சான். மனைவியின் தம்பியைத்தான் சொல்கிறேன். ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை சாயந்திரம் வந்தால் மறுநாள் திரும்பிப் போவான். அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மகள் வாசலில் நின்று, டேய் மாமா, எங்கடா போன என்பாள். தாய்மாமனைத் திட்டச் சொல்லிக் கேட்பது எங்கள் பக்கம் குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டதா என்று பார்க்கிற பரீட்சை மாதிரி. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மாமனைத் திட்டு கண்ணு என்பார்கள். குழந்தை மழலையில் ஏதோ சொல்லும். மாமன் அடிபட்டவன் மாதிரி சுவரில் சாய்வான். எல்லாரும் சிரிப்பார்கள். சித்தப்பனையோ பெரியப்பனையோ திட்டச் சொல்ல மாட்டார்கள். மாமன் முறைக்கு மட்டும்தான் அந்த உரிமை.

மச்சான் அந்த உரிமையைக் கொஞ்சம் நீட்டிவிட்டான். திட்டினால் சாக்லேட், புது வார்த்தையாகத் திட்டினால் பெரிய சாக்லேட். எங்கே பிடித்தாளோ, ஒரு சனிக்கிழமை அவனைப் பார்த்து, போடா மயிரு என்றாள். அவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அடுத்த வாரம் அவனே சொல்லிக்கொடுத்தான். நான் தக்காளி போட்டு மூடி வைத்திருந்த அந்த வார்த்தையையும் அவன் சொல்லிக்கொடுத்துவிட்டதாக மனைவி ஒரு நாள் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் பள்ளிக்கூடம். அரூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் அவளைச் சேர்க்க எழுதிக் கொடுத்திருந்தோம். குழந்தையை உட்கார வைத்து நான்கு கேள்வி கேட்பார்கள், அப்பா அம்மாவையும் பார்ப்பார்கள் என்றார்கள். நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். என் மகள் அந்த மேடம் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள், அந்த வார்த்தை வருகிறது, மேடம் என்னை நிமிர்ந்து பார்க்கிறார். தக்காளி ஏற்றும்போதும் இறக்கும்போதும் எனக்கு இதுதான் படமாக ஓடும்.

மச்சானிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவாள், போதும் நிறுத்து என்றேன். அவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டான்.

"பேசட்டும் வுடுங்க மாமா. ஓசூர்ல பாக்கறன், வாயில்லாத புள்ளைங்கதான் எங்கயும் நிக்க முடியாம தவிக்குதுங்க. இது பொழச்சுக்கும்."

எனக்குள் வார்த்தைகளை ஒரு வரிசையாக வைத்திருந்தேன். நாய், பேய், பன்னி எல்லாம் கடைசி, பயமில்லை. மயிரு நடுவில். மேலே போகப் போக இங்கே எழுத முடியாதவை. எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தத் தக்காளி. எந்த வார்த்தை எந்தப் படியில் இருக்கிறது, அதைச் சொன்னால் என்ன செய்வது, அதட்டுவதா, காதில் விழாதது மாதிரி இருப்பதா என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

முண்ட என்பது அந்த வரிசையிலேயே இல்லை.

ஏனென்றால் அது ஒரு வார்த்தையாகவே என் காதில் விழுந்ததில்லை. மாமியார் கோழியை அடைக்கும்போது, வா முண்ட, நேரமாவல என்பார். பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டை மனைவி அப்படித்தான் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்குத் தலை வாரும்போது, ஆடாம நில்லுடி முண்ட என்பாள், அதில் கோபம் இருக்காது. நான் ஏற்றத்தில் திணறுகிற வண்டியை, ஏறு முண்ட என்பேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மகளும் அதையே சொல்லுவாள். வண்டி ஏறிவிடும். இருவருக்கும் சந்தோஷம். புருஷனை இழந்தவள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்டதில்லை.

என் அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நெஞ்சுவலி என்று தோட்டத்திலிருந்து வந்து கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா அந்தத் தோட்டத்தையும் இரண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். சாயந்திரம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் எங்களுக்குப் போன் வரும். எனக்கோ மனைவிக்கோ இல்லை, மகளுக்கு. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாள், கோழி முட்டையிட்டது வரைக்கும். அக்கா ம் கொட்டுவாள். அந்த வீட்டில் ஒரு நாளைக்குக் கேட்கிற பேச்சுக்குரல் அது ஒன்றுதான்.

மகளுக்குக் காது குத்தத் தாமதமானதும் அந்தச் சாவினால்தான். முதல் வயதில் மொட்டை போட்டபோது அவளுக்குக் காய்ச்சல், காதை விட்டுவிட்டோம். மூன்றாம் வயதில் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் பார்த்தபோது அவர் போய்விட்டார். ஒரு வருடம் நல்ல காரியம் கூடாது. கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியிருந்தால் அழுதிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். பேசியிருக்க மாட்டாள்.

அக்கா வரவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். நல்ல காரியத்தில் நான் எதற்கு என்றாள். மனைவி விடவில்லை. அண்ணி, நீங்க வரலன்னா பாப்பாவுக்குக் காது குத்தறதா இல்லீங்க, வயசுக்கு வர்ற வரைக்கும் வெறுங்காதோட நிக்கட்டும் என்று போனில் சண்டை பிடித்தாள். அக்கா வந்தாள். பாவாடை சட்டை, பொரிகடலை, ஒரு பொட்டலம் வெல்லம் எல்லாம் வாங்கிக்கொண்டு அரூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கே எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டாள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்குப் போலீஸ் பிடித்துவிடுமோ என்று நான் வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மகள் முன் சீட்டில் அக்கா மடியில் இருந்தாள். வலிக்குமா அத்தே என்று கேட்டாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு, வலிக்கவே வலிக்காது என்று அக்கா சொன்னாள். மகள் அதைப் போகும் வழியெல்லாம் கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது.

அடிவாரத்தில் ஒரு மண்டபத்து நிழலில் ஆசாரி மனை போட்டு மச்சானை உட்கார வைத்தார். அவன் மடியில் மகள். எதிரே என் மாமனாரும் மாமியாரும். சித்தப்பாவும் சித்தியும் பக்கவாட்டில். சித்தப்பா நெற்றி நிறைய விபூதி இட்டு, கெட்ட பேச்சு காதில் விழுந்தால் எழுந்து போய்விடுகிறவர். நான் ஆசாரிக்குப் பின்னால், மகளின் முகம் தெரிகிற இடத்தில். மனைவி என் பக்கத்தில். அக்கா மண்டபத்துக் கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. முன்னால் வா என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆசாரி இடது காதில் மஞ்சளால் புள்ளி வைத்து, ஊதி, சட்டென்று கம்பியை ஏற்றினார். முதலில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மச்சான் அவள் தலைக்கு மேல் குனிந்து, மாமனைத் திட்டு கண்ணு, நல்லாத் திட்டு, வலி போயிரும் என்றான். பக்கவாட்டில் சித்தப்பா. நான் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை வரப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது அழுகை வெடித்தது. அதைக் கேட்டதும் அக்கா தூணை மறந்துவிட்டாள். ஒரு தட்டில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். மாமன் முதுகுப் பக்கம் இருக்கிறான், அவனை மகளால் பார்க்க முடியாது. அத்தைதான் கண்ணில் பட்டாள்.

"வலிக்காதுன்னு சொன்ன. போடி முண்ட."

மச்சான்தான் முதலில் சிரித்தான். பிறகு மாமியார், மாமனார், சித்தி. சித்தப்பாகூட மீசைக்குள் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்திருப்பேன், ஏனென்றால் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். தக்காளி வரவில்லை. வெறும் முண்டதான் வந்தது. பிழைத்தோம் என்று சிரித்தேன்.

அக்கா தட்டைப் படிமேல் வைத்தாள். ஒரு குரங்கு வந்து வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பியது. கால் கழுவிட்டு வரன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு அவள் குழாய்ப் பக்கம் நடந்தாள். மகள் அழுகையின் நடுவிலேயே மச்சானிடம் கையை நீட்டினாள். திட்டிட்டேன்ல, சாக்லேட் குடு என்றாள்.

இரண்டாவது காதுக்கு ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் அவரை உதைத்தாள். இரண்டு பேர் பிடித்தும் தலை நிற்கவில்லை. பிடிச்சு அமுக்கிக் குத்துனா காது கிழிஞ்சிரும்ங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம் என்று ஆசாரி கம்பியைத் துடைத்து உள்ளே வைத்தார். இரண்டு காதுக்கும் சேர்த்து ஐந்நூறு பேசியிருந்தோம். அவர் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் முழுதையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். குத்தாத காதுக்குக் காசு வாங்க மாட்டங்க, இன்னொன்னு குத்தும்போது குடுங்க என்றார்.

அப்புறம்தான் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என்னாங்க, அண்ணிய எங்க காணோம் என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. அவங்க முன்னாடியாங்க அந்தப் பேச்சு, அவங்களப் பாத்தாங்க அந்த வார்த்தையச் சொல்லுச்சு என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. குழாயடியில் அக்கா இல்லை. தேங்காய்க் கடைக்காரம்மா, அவங்க அரூர் பஸ்ல ஏறிப் போயிட்டாங்களே என்றார். அக்காவின் துணிப்பை எங்கள் வண்டியிலேயே இருந்தது.

திரும்பி வரும்போது மனைவி மகளை வாயிலேயே ஓர் அறை விட்டாள். ஓட்டிக்கொண்டே பார்த்தேன். மகள் அழவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாள் சாக்லேட் கிடைத்த காரியத்துக்கு இன்று அறை. மாமாதான் சொல்லச் சொன்னாங்க என்றாள். அது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து ஆளாளுக்குப் பேசினார்கள். பெண்பிள்ளை, நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போற புள்ள, இப்பவே வாயில் மிளகாயைத் தேய்த்தால்தான் அடங்கும் என்றார் மாமியார். எங்கள் தெருவில் ஒருவனுக்குச் சின்ன வயதில் அப்படித் தேய்த்தார்கள். இன்று மண்டியில் அவன் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. நான் அதைச் சொன்னேன். ஆம்பளப் புள்ளைன்னா இந்தப் பேச்சே வந்திருக்காது என்றாள் மனைவி, அறைந்தவளும் அவள்தான். மச்சான் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் திட்டச் சொன்னது என்னையத்தான மாமா, அத்தையத் திட்டச் சொன்னனா என்றான். அதுவும் உண்மைதான். அன்று பேசினவர்கள் எல்லாரும் உண்மையைத்தான் பேசினார்கள்.

மறுநாள் பையைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுத் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். காப்பி வைத்துக் கொடுத்தாள். சொட்டுநீர்க் குழாயை எலி கடித்துவிட்டது என்றாள். காதுல தேங்காண்ணெய வெய்யுங்க, சீழ் புடிக்காம பாத்துக்கங்க என்றாள். புள்ள தெரியாம சொல்லிடுச்சுக்கா என்று ஆரம்பித்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டாள். அன்று சாயந்திரம் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப் போனாள். நாங்கள் கூப்பிட்டால் அக்கா எடுப்பாள், மாடு கத்துது அப்பறம் பேசறன் என்று வைத்துவிடுவாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். இந்தமுறை தக்காளி இறக்கிவிட்டு நேராக. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். பிள்ளையைக் கண்டிக்கிறோம், இனிமேல் அப்படிப் பேசாது என்றேன்.

"புள்ளைய நான் ஒரு வார்த்த சொன்னனாடா?"

"இல்லக்கா."

"அதுகிட்ட வலிக்காதுன்னு நான் பொய் சொன்னன். அது திட்டுச்சு. அது எனக்கும் அதுக்கும் நடுவுல. நீங்க எதுக்குடா சிரிச்சீங்க?"

நான் தொலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மத்தவங்க சிரிச்சாங்க, வுடு. நீ எதுக்குச் சிரிச்ச?"

ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை வந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன், அது வரவில்லை, அந்த நிம்மதியில் சிரித்துவிட்டேன் என்றேன். வேற எந்த வார்த்த என்றாள். அக்காவிடம் எப்படிச் சொல்வது? பன்னிரண்டு வயது மூத்தவள், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கெட்ட வார்த்தைக்கா என்றேன். எதுடா, சொல்லு என்றாள். விடவில்லை.

"தக்காளின்னு வெச்சுக்கக்கா."

அவள் முதலில் என் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள்.

"அத சொல்லியிருந்தா நானும் உங்களோட சேந்து சிரிச்சிருப்பன்டா."

அவ்வளவுதான் பேச்சு. கிளம்பும்போது அரைப் படி கடலையைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். பாப்பாவுக்கு என்றாள். போன் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை.

பிள்ளைகளைக் கெட்ட வார்த்தை பேச விடலாமா கூடாதா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த நாளுக்கு முன்பு கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். இப்போது எனக்கு எது கெட்ட வார்த்தை என்பதிலேயே குழப்பம். நான் ராத்தூக்கமில்லாமல் காவல் காத்த வார்த்தை யாரையும் தொடவில்லை. வாசல் முழுக்கக் கிடந்த வார்த்தை போய் அடித்துவிட்டது. கடந்த ஒரு வருடத்தில் அக்கா முன்னால் அதை யார் யார் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று யோசித்தேன். அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மாமியார் கோழி அடைத்திருக்கிறார். மனைவி பால் கறந்திருக்கிறாள். கருமாதி முடிந்து அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்த அன்று ஏற்றத்தில் நான் என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததுதான் பயமாக இருக்கிறது.

வீட்டில் எல்லா வார்த்தைகளையும் நிறுத்துவது நடக்காத காரியம். அந்த ஒன்றை மட்டும் நிறுத்துவோம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். மகளை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் நிறுத்த வேண்டும் என்பது மனைவியின் கட்சி. மனைவி இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். நான் ஏற்றத்தில் வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன். மச்சானிடம் சாக்லேட்டைத் தொடரலாம், ஆனால் திட்டுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டோம். அவன் இப்போது வந்தால் கொஞ்சம் சும்மாவே உட்கார்ந்திருக்கிறான், பாவம். கஷ்டப்பட்டவர் எங்களோடு தங்கியிருக்கிற மாமியார்தான். கோழியைப் பார்த்ததும் 'மு' என்று வாய் திறந்துவிடும், உடனே ஞாபகம் வரும், மருமகன் எதிரில் நிற்பேன். ஒரு நாள் அவர், வா மு... முருங்கக்கா என்று சொல்லி முடித்தார். கோழி ஒன்றும் வித்தியாசம் பார்க்காமல் கூண்டுக்குள் போனது.

மகள் அதை உடனே பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டி முருங்கக்கா, எழுதாத பேனா முருங்கக்கா, அவள் பாவாடை நாடா முருங்கக்கா. என் தக்காளி மாதிரி அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. தடுப்பதா வேண்டாமா என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது காய்கறிதானே என்று விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் அந்த மேடம் காய்கறிப் படத்தைக் காட்டிக் கேட்டபோது, முருங்கைக்காயைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். கூச்ச சுபாவம் போல என்று எழுதிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். ஒரு காதில் தோடு, ஒரு காது வெறுமை. அதைப் பற்றி மேடம் கேட்டார். குலவழக்கமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு சாயந்திரம் நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடித்தது. மகள் ஓடிப்போய் எடுத்தாள். அத்தே என்று கத்தினாள். நான் ஈரக் கையோடு நிலைப்படியில் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். நீ ஏன் போனே பண்ணல என்று கேட்டாள். அக்கா என்ன சொன்னாளோ தெரியவில்லை, மகளுக்கு அது போதவில்லை.

"போடி முருங்கக்கா."

மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"முருங்கக்காயா? எதுக்குடி முருங்கக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமியார் எழுந்து, வேலை இருக்கிற மாதிரி கொல்லைப் பக்கம் போனார். அக்காவே யோசித்திருக்க வேண்டும். அட என்றாள், மெதுவாக. பிறகு, யாரு கண்டுபுடிச்சது இத, உங்கப்பனா என்று கேட்டாள். அம்மாயி என்று மகள் பாட்டியைக் காட்டிக்கொடுத்தாள். அக்கா மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அது சிரிப்பா, சளியா என்று நானும் மனைவியும் அன்று வெகு நேரம் பேசினோம். சிரிப்பு என்கிறாள் மனைவி.

அதற்குப் பிறகு போன் வருகிறது. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் அக்கா இன்னும் வரவில்லை. போன வாரம் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். ஒரு காதோட எத்தன நாளைக்குடா வுடுவீங்க, குத்துன பக்கம் கனத்துப் புள்ள தலைய சாச்சு நிக்கப்போவுது என்றாள். நீ நாள் சொல்லுக்கா என்றேன். நான் எதுக்கு நாள் சொல்லணும், ஆசாரியக் கேளு என்றாள். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இந்தத் தடவ வலிக்கும்னு சொல்லு அதுகிட்ட. இல்ல, வேணாம். நானே சொல்லிக்கறன்."

நேரில் வந்து சொல்வாளா, போனில் சொல்வாளா? எனக்குத் தெரியவில்லை. கேட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று நான் கேட்கவும் இல்லை. நேற்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்தில் ஆசாரி வண்டியை மறித்து, எப்பங்க இன்னொரு காது என்றார். வீட்டில் ஒருத்தர் வர வேண்டும், அவர் வந்ததும் சொல்கிறேன் என்றேன். கையில் பணம் இருந்தது, இப்பவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். போன தடவை மாதிரியே அவர் வாங்கவில்லை. இருநூற்றைம்பது ரூபாய் அப்படியே பாக்கி நிற்கிறது.